அணையாது திரி மாற்றல்

நிறுத்திவிட்டுத் திருத்துதல் எளிது. நிறுத்தாது திருத்துதலே அரிது. உடைந்த வண்டியை ஓரமாக நிறுத்தி அச்சாணி மாற்றலாம். ஓடுகின்ற வண்டிக்கு அச்சாணி மாற்ற முற்படுபவனைக் கண்டால் ஊர் நகைக்கும். ஆயின் நிற்கவே கூடாத சில பொருள்கள் உலகில் உள. அவற்றுக்கும் மூப்பு உண்டு, பழுது உண்டு, காலத்துக்கேற்ற திருத்தமும் வேண்டும். கருவறையில் எரியும் விளக்கின் திரி கருகும்போது, விளக்கை அணைத்துத் திரி மாற்றுவார் இல்லை. பழைய திரி எரிந்துகொண்டிருக்கையிலேயே புதிய திரியை அதனருகே இட்டு, சுடரை அதனின்றும் இதற்கு ஏற்றிய பின்னரே பழையது அகற்றப்படும். திரி மாறுகின்றது, சுடர் தொடர்கின்றது. இச்சிறு செயலில் அடங்கியிருக்கும் அறிவு, இற்றைக் கணினியியலின் கடினமான வினாக்களுள் ஒன்றனைத் தொட்டு நிற்கின்றது.

அவ்வினா யாதெனில், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை அதன் சேவை தடைப்படாத வண்ணம் புதுப்பிப்பது எங்ஙனம் என்பதாகும். ஒரு மென்பொருளை மட்டுமன்றி, ஒரே மூலத்திலிருந்து பிறந்து, இடத்துக்கிடம் வேறுபட்டு, பல ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருட் குடும்பமொன்றினை அவ்வாறு புதுப்பித்தல் இன்னும் சிக்கலானது. இது பொறியியலாளர் மட்டும் சிந்திக்கவேண்டிய விடயம் எனத் தோன்றலாம். யாழ்ப்பாணத் தீவகத்தை முன்வைத்து நோக்குமிடத்து, இவ்வினாவினுள்ளே நீதி பற்றிய வினாவொன்றும் ஒளிந்திருத்தல் புலனாகும்.

தீவகம் என்று ஒரே சொல்லாற் குறிப்பிடினும் தீவுகள் யாவும் ஒரே நிலையில் இல்லை. வேலணையும் ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு தரைவழி பிணைக்கப்பட்டவை. புங்குடுதீவின் மேற்கு ஓரத்துக் குறிகட்டுவானோடு வீதி முடிந்துவிடுகின்றது. அங்கிருந்து நயினாதீவுக்குக் கடல்வழி சிறிது தூரமே. நெடுந்தீவுக்கோ படகு ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஓடவேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் செல்வோர் ஊர்காவற்றுறையிலிருந்து படகேறுவர். வாடைக்காற்றுக் கடுமையாக வீசும் நாள்களிற் படகு ஓடாது. படகு ஓடாவிடின் நோயாளியும் ஆசிரியரும் அரிசி மூடையும் ஒருங்கே துறையிற் காத்திருக்க நேரும். நகரத்தில் ஒரு சேவை நின்றால் அடுத்த தெருவில் இன்னொன்று உண்டு. தீவில் நின்றால் அவ்வளவுதான். ஆகவே ‘நிறுத்தம்’ என்னும் சொல்லுக்குத் தரையில் உள்ள பொருள் வேறு. தீவில் உள்ள பொருள் வேறு.

நிறுத்தாமல் மாற்றும் வழியொன்றினைச் சைவ ஆலய மரபு நெடுங்காலமாகவே கைக்கொண்டு வந்துள்ளது. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயம் முதலாகச் சிற்றூர்க் கோயில்கள் ஈறாக, திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்வது வழக்கம். மூலமூர்த்தியின் சாந்நித்தியம் கலாகர்ஷணக் கிரியையாற் கும்பத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து பாலாலயம் எனப்படும் சிறிய தற்காலிக இடத்திலே தாபிக்கப்படும். அன்று முதல் நித்திய பூசை அங்கே நடைபெறும். பெரிய கோயிலிலே தச்சரும் கொத்தரும் சிற்பிகளும் தத்தம் வேலையைச் செய்வர். வேலை நிறைவுற்றதும் நன்னாளொன்றிற் குடமுழுக்காட்டிச் சாந்நித்தியம் மூலத்தானத்துக்கு மீள எழுந்தருளச் செய்யப்படும். கோயில் இடிக்கப்பட்டுக் கட்டப்பட்டிருக்கலாம். ஆயின் பூசை ஒரு நாளும் நின்றதில்லை.

இக்கிரியையில் மூன்று செய்திகள் கவனிக்கற்பாலன. முதலாவது, கட்டடம் வேறு, அதனுள் உறைவது வேறு என்ற தெளிவு. இரண்டாவது, உறைவதனை இடம் மாற்றுவதற்கெனக் குறித்த முறையும் குறித்த வேளையும் உண்டு என்பது. மூன்றாவது, பாலாலயத்திலே எல்லாம் நடைபெறுவதில்லை என்பது. நித்திய பூசை தடைப்படாது. மகோற்சவம் பொதுவாக நடைபெறாது. எது ஒருபோதும் நிற்கலாகாது, எது சிறிது காலம் பொறுக்கலாம் என்பது முன்னரே வகுக்கப்பட்டு, அடியார்க்கும் அறிவிக்கப்பட்டிருக்கும்.

மென்பொருளுக்கும் இவ்விரு கூறுகள் உள. எழுதி வைத்த நிரல் ஒன்று. அந்நிரல் ஓடும்போது திரட்டிக்கொள்ளும் நிலை மற்றொன்று. தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் யார் யாருடன் இக்கணத்திற் பேசிக்கொண்டிருக்கின்றனர் என்பது நிலை. வங்கியொன்றில் அரைகுறையாக நிற்கும் கொடுக்கல் வாங்கல் நிலை. நிரலை அழித்துப் புதியதொன்றை ஏற்றுதல் பெரிய காரியமன்று. அதனோடு சேர்ந்து நிலையும் அழிந்துபோவதே இடர். பேசிக்கொண்டிருந்தோரின் தொடர்பு அறும். கொடுத்த பணம் கணக்கில் ஏறாது போகும். 1976 ஆம் ஆண்டிலே றொபேட் ஃபாப்ரி என்னும் அமெரிக்க அறிஞர், ஓட்டத்தை நிறுத்தாமலே நிரற் பகுதிகளை மாற்றத்தக்க அமைப்பொன்றினை எவ்வாறு வகுக்கலாம் என்பதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பகுதிகள் ஒன்றையொன்று நேரடியாகப் பற்றிக்கொள்ளாது இடைநிலையொன்றின் வழியே அழைத்துக்கொள்ளுமாயின், அவ்விடைநிலையைத் திருப்பிவிடுதலாற் புதிய பகுதியைப் பழையதன் இடத்தில் அமர்த்திவிடலாம்.

நிலையைப் புதியதனிடம் ஒப்படைத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய நிரல் மின்கலத்தின் இருப்பை நூற்றுவீதத்திற் குறித்து வைத்தது எனவும், புதிய நிரல் அதனைக் கிலோவாற்று மணியிற் குறிக்கும் எனவும் கொள்க. மின்கலத்தின் முழுக் கொள்ளளவு 800 கிலோவாற்று மணி எனின், பழைய ஏட்டில் உள்ள 60 என்ற எண்ணுக்கு 480 கிலோவாற்று மணி என்பதே பொருள். புதிய நிரல் அவ்வெண்ணை அப்படியே வாங்கிக்கொண்டால், மின்கலம் ஏறக்குறைய வெறுமையாயிற்று எனக் கருதி வீணே டீசல் இயந்திரத்தை முடுக்கும். எண் பத்திரமாக வந்து சேர்ந்தது. பொருள் வழியிலே தொலைந்தது. ஆகவே நிலையைச் சுமந்து சென்றால் மட்டும் போதாது. புதியவனுடைய மொழியில் அதனைப் பெயர்த்துக் கொடுத்தலும் வேண்டும்.

அடுத்து வேளை பற்றிய வினா எழும். படகின் இயந்திரத்தை நடுக்கடலிற் கழற்றுவார் எவருமிலர். துறையிற் கட்டி, ஆட்கள் இறங்கிய பின்னரே கழற்றுவர். ஆயின் ஒரு படகைத் திருத்துவதற்காகத் தீவகத்துப் படகுகள் யாவும் கட்டிக்கிடக்க வேண்டுவதில்லை. பல்லாண்டு காலம் நெடுந்தீவுப் பயணிகளைச் சுமந்த குமுதினிப் படகு பழுதுபார்ப்புக்குச் சென்ற காலங்களில் வேறு படகுகள் அப்பணியைப் பார்த்தன. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஜெஃப் கிறேமரும் ஜெஃப் மகீயும் 1990 ஆம் ஆண்டிலே கணினி அமைப்புகளுக்கு வகுத்த விதியும் இதனோடு ஒத்தது. மாற்றப்படும் பகுதி தான் தொடங்கிய கருமம் எதனையும் அரைகுறையாக வைத்திருத்தலாகாது. அதனை வேண்டி நிற்கும் கருமம் எதனையும் பிற பகுதிகளும் அந்நேரத்திற் தொடங்கலாகாது. அவ்வமைதி கிட்டும் கணத்தில் மாற்றம் நிகழலாம். அதனோடு தொடர்பில்லாத ஏனைய பகுதிகள் தம் பணியைத் தொடர்ந்து செய்யும்.

மின்நிலையத்தில் வேலை செய்வோர் இக்கணத்தைக் கண்ணாலேயே காண்பர். ஓடிக்கொண்டிருக்கும் மின்பிறப்பாக்கியோடு இன்னொன்றை இணைப்பதாயின், இரண்டன் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் அலையின் கட்டமும் ஒத்துவரல் வேண்டும். ஒவ்வாத வேளையில் இணைப்பின் இயந்திரமே உடையக்கூடும். முன்னைய காலத்தில் இவ்வொப்புமையை அறிவதற்கு இரண்டுக்கும் இடையே மின்குமிழ்களைப் பொருத்தினர். அவை மெதுவாக ஒளிர்ந்தும் மங்கியும் வரும். முற்றாக இருண்டு நிற்கும் கணத்திலே ஆளியை மூடுவர். ஊரின் விளக்குகள் அணையாதிருப்பதற்காக, மின்நிலையத்தின் சிறுகுமிழ் இருளும் கணத்தை ஒருவர் விழித்திருந்து பார்க்கவேண்டியிருந்தது.

தொலைபேசித் துறையினர் இவ்வறிவை மென்பொருளிலே செயற்படுத்தினர். சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஜோ ஆம்ஸ்ட்ரோங்கும் அவர்தம் தோழரும் 1986 அளவில் உருவாக்கத் தொடங்கிய ஏர்லாங் என்னும் நிரல்மொழியிலே, ஒரு பகுதியின் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே காலத்தில் உயிரோடு இருக்கலாம். ஏலவே தொடங்கிய கருமம் பழையதனில் ஓடும். புதிதாக அழைப்பது புதியதனைச் சென்றடையும். மூன்றாவது வடிவமொன்று வந்தால் மிகப் பழையதனைப் பற்றிக்கொண்டிருப்போர் கைவிடப்படுவர். இம்மொழி 1998 இல் எவரும் பயன்படுத்தத்தக்கதாகத் திறந்துவிடப்பட்டது. 2009 இல் தோன்றிய வாட்ஸ்அப் சேவையின் வழங்கிகள் இம்மொழியிலேயே எழுதப்பட்டவை. புங்குடுதீவில் இருக்கும் தாய், ரொறன்ரோவில் இருக்கும் மகனோடு பேசுகையில், இருவருக்கும் இடையே நிற்கும் நிரல் மாறியிருத்தலும் கூடும். சுடர் அணையாதவரை திரியைப் பற்றி எவர் நினைக்கின்றார்?

இதுவரை கூறியவை தனியொரு மென்பொருளுக்கு உரியவை. குடும்பம் என்று வரும்போது வேறொரு சிக்கல் தலைதூக்கும். ஃபாப்ரியின் கட்டுரை வெளிவந்த அதே 1976 இல், டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் நிரற் குடும்பங்கள் பற்றி எழுதினார். ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே ஆராய்வதிலும், முதலில் அவற்றின் பொதுமையை ஆராய்ந்து பின்னர் ஒவ்வொன்றன் வேறுபாட்டை நோக்குதல் பயன்தருமாயின், அவை ஒரு குடும்பமாகும் என்பது அவர்தம் கருத்து. பிற்காலத்தில் தொழிற்றுறையினர் இதனை மென்பொருள் உற்பத்தி வரிசை என வழங்கினர். பொதுவான பகுதிகளை ஒருமுறை செய்துவைத்து, வேறுபடும் இடங்களை மட்டும் வாங்குவோரின் தேவைக்கேற்பப் பொருத்திக் கொடுத்தல் இதன் முறை. செலவு குறையும், பிழையும் குறையும். ஆயின் பொதுவான பகுதியில் உள்ள பிழை குடும்பத்தில் உள்ளோர் அனைவருக்கும் பொதுவாகும்.

வேலியை எடுத்துக்கொள்க. யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு வேலி பொது. கிளுவையோ பூவரசோ கதியாலாக நிற்க, பனையோலையோ கிடுகோ கட்டப்படும். ஓலை உக்கியதும் வேலியடைப்பு நடைபெறும். அப்போது முழு வேலியையும் ஒரே நாளிற் பிடுங்குவாரில்லை. ஆடு மாடு தோட்டத்துள் நுழைந்துவிடும். ஒரு பக்கத்துப் பழைய ஓலையை அவிழ்த்து, அங்கே புதியதைக் கட்டியபின் அடுத்த பக்கத்துக்குச் செல்வர். நல்ல முறைதான். ஆயின் நெடுந்தீவிலே வேலி கல்லாலானது. கடற்பாறைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய அவ்வேலிகளுக்கு ஓலையுமில்லை, கட்டுமில்லை. ‘பழைய ஓலையை அவிழ்த்துப் புதியதைக் கட்டுக’ என்ற கட்டளை கதியால் வேலிக்குத் திருத்தம். கல்வேலிக்கு அது பொருளற்ற சொல். இரண்டும் ஒரே குடும்பம் என்ற நினைப்பிலே ஒரே கட்டளையை அனுப்பியவன், நெடுந்தீவைப் பார்த்தறியாதவன்.

இத்தகைய நினைப்பு விளைத்த பெருங்கேடுகளுள் இரண்டினை இங்கு நினைவுகூரலாம். அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் தூரவிடத் தொலைபேசி வலையமைப்பு 1990 ஜனவரி 15 இல் ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் நிலைகுலைந்தது. முந்திய டிசெம்பரில் அதன் 114 பரிவர்த்தனை நிலையங்களுக்கும் ஒரே திருத்தம் ஏற்றப்பட்டிருந்தது. ஒரு நிலையம் சிறு கோளாறினால் தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொண்டு, தான் மீண்டுவிட்டதை அயல் நிலையங்களுக்கு அறிவித்தது. அவ்வறிவிப்பை ஏற்றுத் தம் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்த அயல் நிலையங்களுக்கு, அவ்வேலை முடியுமுன்னரே அடுத்த செய்தி வந்தது. புதிய நிரலின் பிழை அக்குறுகிய இடைவெளியிலேதான் ஒளிந்திருந்தது. அவையும் தம்மை மீளத் தொடக்கின. அவற்றின் அயலும் அவ்வாறே செய்தன. அனைத்துக்கும் ஒரே நிரல் ஆதலால், நோயுறாத நிலையம் ஒன்றேனும் எஞ்சி நின்று ஏனையவற்றைத் தாங்கவில்லை.

மற்றையது 2024 ஜூலை 19 இல் நிகழ்ந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் கணினிகளுக்கு வழமைபோற் தரவுக் கோப்பொன்றினை அனுப்பியது. அக்கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. ஏலவே கணினிகளில் ஓடிய நிரலோ 20 ஐயே வழங்கியது. இல்லாத இருபத்தோராவதைத் தேடிய கணினிகள் விழுந்தன. ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மதிப்பீடு. விமானங்கள் தரித்து நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. அனுப்பிய கோப்பு 78 நிமிடங்களில் மீளப் பெறப்பட்டது. எனினும் விழுந்த கணினிகளுட் பெரும்பாலானவற்றை ஒருவர் நேரிற் சென்று கையாலேயே எழுப்பவேண்டியிருந்தது. கேடு நொடியிற் பரவிற்று. பரிகாரமோ நடந்து சென்றது.

‘பரிகாரம் நடந்து செல்லும்’ என்பதைத் தீவுவாசிக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அங்கே அது நடந்து மட்டுமன்றிப் படகேறியும் செல்லவேண்டும். இது கற்பனைக் கவலையன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாது, டீசல் மின்பிறப்பாக்கிகளால் ஒளிபெற்று வந்தவை. இம்மூன்றுக்கும் காற்றும் சூரியனும் கலந்த மின்முறைமை அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1 இல் கைச்சாத்தாயிற்று. இந்திய அரசின் 110 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையில் அமைவது அது. காற்றிலிருந்து 530 கிலோவாற்று, சூரியனிலிருந்து 1,700 கிலோவாற்று, 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கல அடுக்குகள், துணைக்கு நிற்கும் 2,500 கிலோவாற்று டீசல் என்பன மூன்று தீவுகளுக்குமாக வகுக்கப்பட்ட அளவுகள்.

இத்தகைய கலப்பு முறைமைக்கு உயிர்நாடி அதன் கட்டுப்பாட்டு மென்பொருளே. காற்று விழும்போதும் முகில் மறைக்கும்போதும் எப்பொறி எவ்வளவு தரவேண்டும், மின்கலம் எப்போது நிரம்பவேண்டும், டீசல் எப்போது விழித்தெழவேண்டும் என்பவற்றைக் கணந்தோறும் அது தீர்மானிக்கவேண்டும். பெரிய மின்வலையில் ஒரு நிலையம் தடுமாறினால் ஏனையவை தாங்கும். தனித்த தீவிலே தாங்குவதற்கு வேறொன்றில்லை. ஒரே திட்டத்திற் பிறக்கும் மூன்று முறைமைகளும் ஒரு குடும்பமாகவே கருதப்படும். ஆயின் ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரந்த நெடுந்தீவின் தேவை வேறு. திருவிழாக் காலத்திற் பல்லாயிரம் அடியார் வந்திறங்கும் நயினாதீவின் தேவை வேறு. முற்கூறிய 60 என்ற எண்ணுக்கு மூன்று தீவிலும் மூன்று பொருள் இருக்கக்கூடும். ஆண்டுகள் செல்லச் செல்ல இம்மென்பொருள்களுக்கும் திருத்தங்கள் வரும். வராதிருப்பின் அதுவே பேரிடர். பழைய நிரலின் ஓட்டைகள் பகைவர்க்கு வாயிலாகும். அப்போது எழும் வினா இது: திருத்தம் முதலில் எத்தீவுக்கு?

முற்கூறிய கேடுகளிலிருந்து தொழிற்றுறை ஒரு பாடம் கற்றுள்ளது. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாதே. முதலிற் சிலருக்கு அனுப்பு, பொறுத்துப் பார், பின்னர் ஏனையோர்க்கு அனுப்பு என்பது அப்பாடம். மேலைநாட்டார் இதனைக் கனரிப் பறவையின் பெயரால் வழங்குவர். நிலக்கரிச் சுரங்கத்திலே நச்சுவாயுவை அறிவதற்காகத் தொழிலாளர் கூண்டோடு கொண்டு சென்ற சிறு பறவை அது. பறவை சோர்ந்தால் மனிதர் வெளியேறுவர். முறை அறிவுடையதே. ஆயின் பறவையாக எவரைத் தெரிவது? ‘குறைந்த தொகையினர் உள்ள இடத்தைத் தெரிக, பிழைத்தால் இழப்புக் குறைவு’ என்று கணக்கு விடை தரும். அக்கணக்கின்படி எப்போதும் சிறிய தீவே முதலிற் கூண்டில் ஏறும்.

கணக்கின் குறை இங்கேதான் உளது. இழப்பு எத்தனை பேருக்கு என்பதை மட்டும் அது எண்ணுகின்றது. இழந்ததை மீளப் பெற எவ்வளவு காலம் என்பதை எண்ணுவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மணிநேரம் மின்சாரம் நின்றால் ஆயிரக்கணக்கானோர் சலிப்படைவர். பொறியியலாளர் வீதியால் வந்து சேர்வர். நெடுந்தீவில் நின்றால் வைத்தியசாலையின் குளிர்ப்பெட்டியிலே 2 முதல் 8 பாகை வெப்பநிலையிற் காக்கவேண்டிய தடுப்பு மருந்து வெதும்பும். மீனவரின் ஐஸ் கரையும். நீர் இறைக்கும் மோட்டார் ஓயும். சீர்செய்ய வருபவர் குறிகட்டுவானிலே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடும். ஆகவே திருத்தத்தின் வரிசையைத் தொகையைக்கொண்டு வகுத்தல் முறையன்று. பரிகாரத்தின் தூரத்தைக்கொண்டு வகுத்தலே முறை. முதலில் ஆய்வுகூடத்து மாதிரி, பின்னர், விழுந்தால் உடனே தூக்கிவிடத்தக்க தரையோரத்து நிலையம், அதன்பின் நயினாதீவு போன்ற அண்மைத் தீவு, ஈற்றிலே நெடுந்தீவு. வாடை வீசும் மாதங்களில் எத்தீவுக்கும் வேண்டாம்.

‘தீவுச் சனங்கள் இவற்றுக்கெல்லாம் பழகியவர்கள், குடாநாடே 1990களிற் பல்லாண்டுகள் மின்சாரமின்றி இருந்ததன்றோ?’ என்று கூறுவார் உளர். போத்தல் விளக்கிலே படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறையொன்று உண்மையில் இருந்தது. அவர்தம் உறுதி போற்றத்தக்கது. ஆயின் ஒருவர் முன்னர் பொறுத்தார் என்பது, இனியும் பொறுக்கச் சம்மதித்தார் என்பதற்குச் சான்றாகாது. பொறுமையைப் புகழ்ந்துகொண்டே அதன்மேல் மேலும் சுமையேற்றுதல் உலகில் எளிதாக நிகழும் அநீதி. வசதியின்மைக்குப் பழகியவர் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், வரும் சோதனை ஒவ்வொன்றும் முதலில் அவர் வாசலுக்கே வரும்.

நிறுத்தமே கூடாது என்று பிடிவாதம் பிடித்தலும் அறிவுடைமையாகாது. சில திருத்தங்களை நிறுத்தியே செய்தல் பாதுகாப்பானது. நிறுத்தாமற் செய்கின்றோம் என்று காட்டுவதற்காக நிலையைத் தாறுமாறாகச் சுமந்து சென்று, பின்னர் நள்ளிரவில் எல்லாம் இருளச் செய்வதைக் காட்டிலும், முன்கூட்டி நாள் குறித்து அரைமணிநேரம் நிறுத்துவது நேர்மையானது. பாலாலய மரபு இங்கும் வழிகாட்டுகின்றது. மகோற்சவம் இவ்வாண்டில்லை என்று முன்னரே கூறிவிடுகின்றனர். அடியார் குறை கூறுவதில்லை. நித்திய பூசை நிற்குமாயின் பொறுக்கமாட்டார். தீவின் மின்முறைமையிலும் நித்திய பூசைக்கு நிகரானவை எவை என்பது திருத்தத்துக்கு முன்னரே தீர்மானிக்கப்படல் வேண்டும். வைத்தியசாலையும் நீரும் தொலைத்தொடர்பும் அப்பட்டியலின் தலைப்பில் நிற்கும். பட்டியலைக் கொழும்பிலோ பெங்களூரிலோ இருந்து எழுதுவதினும், தீவில் உள்ளோரைக் கேட்டு எழுதுதல் சிறந்தது. கல்வேலி எங்குளது, ஓலைவேலி எங்குளது என்பதை அறிந்தவர் அவர்களே.

இன்னொன்றும் வேண்டும். புதியது பிழைத்தாற் பழையதற்கு மீளும் வழி திறந்திருத்தல் வேண்டும்; அவ்வழியைத் திறக்கும் சாவி தீவிலேயே இருத்தல் வேண்டும். புதிய சுடர் உறுதியாக எரியும்வரை பழைய திரியை எவரும் எறிவதில்லை. மின்நிலையத்திற் பணிபுரிபவருக்கு அம்மீட்சியைச் செய்யும் அதிகாரமும், அதற்குரிய அறிவுறுத்தல் தமிழிலும், இன்று வேண்டாம், கடல் கொந்தளிக்கின்றது, நாளை பார்க்கலாம் என்று தொலைவில் உள்ளோருக்குச் சொல்லும் உரிமையும் வழங்கப்படல் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏற்படாது. ஒப்பந்தப் பத்திரத்திலே சில வரிகள் கூடும். பயிற்சிக்குச் சில நாள்கள் கூடும்.

தொலைதூரத்திலிருந்து ஒரு விசையை அழுத்தி மூன்று தீவுகளின் மென்பொருளையும் ஒரே நொடியில் மாற்றிவிடும் ஆற்றல் இன்று மனிதனுக்கு உண்டு. அவ்விசையை அழுத்துபவர், மறுமுனையிலே எக்கடல் உளது, அன்று அதிற் படகு ஓடுகின்றதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வாராயின், நெடுந்தீவு வைத்தியசாலையின் குளிர்ப்பெட்டி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றம் நிகழ்ந்ததென்பதே அங்கு எவருக்கும் தெரியவராது.